தொட்டியை உடைத்தவன்

சூலூரில் ஒரு கல்யாண மண்டபம். ஆனைமலை போகிற வழியில், எந்த அடைமழைக்கும் உள்ளே ஒரு பொட்டு ஈரம் காணாத நெல் குடோன். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை ஒன்றுக்குக் களமும் சுற்றுச்சுவரும். கோயமுத்தூரைச் சுற்றி, இத்தனை என்று எனக்கே சொல்லத் தெரியாத வீடுகள். எல்லாம் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட இந்தச் சென்னியப்பன் கட்டியவை. அப்பன் விட்டுப்போன காடு மானாவாரி. மழை வந்தால் சோளம், வராவிட்டால் வெறும் கல். அந்தக் கல்லை நம்பாமல் பஸ் ஏறி வந்து, செங்கல் சுமந்து, சாந்து குழைத்து, கரண்டி பிடித்து, கடைசியில் நாலு இன்ஜினியர்கள் "மேஸ்திரி என்ன சொல்றாரு?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிற இடத்துக்கு வந்தேன். யாரும் எனக்கு மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் கையில் கொடுத்து இப்படிப் பார் என்று சொன்னதில்லை. பார்த்துப் பழகினேன், அவ்வளவுதான்.

ஆனால் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வீடும் மண்டபமும் இல்லை. தொட்டி.

முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபைகளில் மேடைக்குப் பக்கத்தில் நெஞ்சளவு தண்ணீர் நிற்கிற ஒரு தொட்டி இருக்கும். ஞானஸ்நானம் எடுக்கிறவர் வெள்ளை அங்கி போட்டுப் படியில் இறங்குவார். பாஸ்டர் அவரைப் பிடித்துப் பின்பக்கமாகச் சாய்த்து முழுசாக முக்கி எடுப்பார். நான் கும்பிடுவது எங்கள் குலதெய்வத்தை. ஆனாலும் இந்தப் பக்கத்துச் சபைகளில் நீங்கள் முங்கி எழுந்த தொட்டிகளில் பாதிக்கு மேல் என் கை பட்டவை. வேலை முடிந்து தண்ணீர் நிரப்பியதும் முதலில் நான்தான் இறங்குவேன். படி வழுக்குகிறதா, கைப்பிடி எட்டுகிறதா, சாய்ந்தால் தலை எங்கேயாவது முட்டுகிறதா என்று முங்கிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். "சென்னியப்பன் எடுத்த ஞானஸ்நானத்துல பாதி நாம எடுக்கலைங்க" என்று பாஸ்டர்மார் சிரிப்பார்கள்.

இப்போது உங்கள் சபையின் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி இளைஞர் கூட்டத்துப் பிள்ளைகள் வந்தீர்கள். வெளியூர்ச் சபைகளிலிருந்து வந்து உங்கள் தொட்டியைப் படம் பிடித்துப் போகிறார்களாம். எல்லா ஊரிலும் ஆண்களுக்கு ஒரு படி, பெண்களுக்கு ஒரு படி இருக்க, இங்கே மட்டும் நடுவில் அகலமாக ஒரே படி எதற்கு என்று கேட்கிறார்களாம். உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். நல்ல ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். அந்தப் படிக்குக் காரணமான கிருபாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்; தாத்தா முறை வைத்து என்னை அப்புச்சி என்றுதான் கூப்பிடுவார். "எழுதுங்க அப்புச்சி. ஆனா என்னையப் பாவம்னு மட்டும் எழுதிப்போடாதீங்க" என்றார் கிருபா.

கருமத்தம்பட்டிப் பக்கம் உங்கள் சபை புதுக் கட்டடம் எழுப்பிய சமயம் அது. பாஸ்டர் ஆபிரகாம் மாதிரி ஒரு ஆளிடம் நான் அதற்கு முன்னும் வேலை செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். காலையில் வந்தவுடன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஜல்லி குத்தினாலும் வெறுங்காலோடு கட்டடம் முழுக்கச் சுற்றி வருவார். ஒரு இடம் பிடிக்கவில்லை என்றால் இடி என்று சொல்ல மாட்டார். அங்கேயே நின்று கையால் தடவிக்கொண்டே இருப்பார். நாமாகப் போய், "என்னங்க பாஸ்டர்?" என்று கேட்க வேண்டும்.

தொட்டிக்குக் குழி எடுத்த அன்று என்னிடம் ஒன்று சொன்னார். "மேஸ்திரி, இதுல எறங்கறவங்க பயந்துட்டுத்தான் எறங்குவாங்க. உங்க படி அவங்களைப் பிடிச்சுக்கோணுமுங்க."

அதற்காகவே படியின் உயரத்தைக் குறைத்தேன். பளபளப்புக் கல்லைத் திருப்பி அனுப்பிவிட்டு, உளி போட்டுச் சொரசொரப்பாக்கிய கல் வைத்தேன். வழக்கப்படி கிழக்கே ஆண்களுக்கு ஒரு படியும் உடை மாற்ற ஒரு அறையும், மேற்கே பெண்களுக்கு ஒரு படியும் ஒரு அறையும். வரைபடம் அப்படித்தான் இருந்தது. நான் கட்டிய எல்லாத் தொட்டியும் அப்படித்தான்.

குழியில் ஊறிய தண்ணீரை இறைக்கிற மோட்டார் ஒரு நாள் வழுக்கித் தண்ணீருக்குள்ளேயே விழுந்து கருகிப்போனது. தூக்கிக்கொண்டு கணபதியில், கருகிய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே தொளதொள சட்டையும் பேண்டும் போட்டு, முடியைக் குட்டையாக வெட்டிய ஒருவர் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் லேசாக மீசை. காதில் கம்மல். மோட்டாரைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, இது மேல நின்னு இழுக்கற மோட்டாருங்க. இதையக் கொண்டுபோய் முக்கி எடுத்திருக்கறீங்க?"

"உழுந்துபோச்சு கண்ணு. சபைக்குத் தொட்டி கட்டறோம். அந்தக் குழியில."

"எந்தச் சபைங்க?"

சொன்னேன். கம்பி சுற்றுகிற கை நின்றது.

"அது எங்க சபைங்க. பாருங்க, உங்க மோட்டாருக்குக்கூட ஞானஸ்நானம் கெடைச்சுப்போச்சு. எனக்கு இன்னும் கெடைக்கலீங்க."

அதுதான் கிருபா. மோட்டாரைத் திருப்பி வாங்கப் போனபோதும், பிறகு அது சரியாக ஓடுகிறபோதும்கூட ஏதாவது சாக்கு வைத்துப் போனபோதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கதை தெரிந்தது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பிறந்தபோதே உடம்பு ஆண் என்றோ பெண் என்றோ ஒரு பக்கமாகச் சொல்லும்படி இல்லை. பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்ல, பெண்ணாகவே வளர்த்தார்கள். பதின்வயதில் குரல் உடைந்தது, மீசை அரும்பியது. பெரிய டாக்டர்களிடம் காட்டினார்கள். நோய் எதுவும் இல்லை, உடம்பின் அமைப்பே இதுதான், நல்ல ஆரோக்கியமான உடம்பு என்று சொல்லி அனுப்பினார்கள். இதை இடைப்பாலினம் என்பார்கள், திருநங்கை என்பது வேறு என்று கிருபாதான் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் இரண்டு தடவை மாற்றிச் சொன்னேன், இரண்டு தடவையும் திருத்தினார்.

ஞானஸ்நானம் எடுக்காதவர்களுக்கு உங்கள் சபையில் அப்பமும் திராட்சை ரசமும் பகிர்கிற திருவிருந்து கிடையாது. அது எனக்கு அப்போது தெரியாது. கிருபா சொன்னார்:

"மாசத்துல மொத ஞாயித்துக்கெழமை அப்பத்தட்டு வரிசையில கைமாறி வரும் அப்புச்சி. நான் எங்கம்மா பக்கத்துல உக்காந்திருப்பேன். அம்மா ஒரு துண்டு எடுத்துட்டு, எனக்கு அந்தப்பக்கம் இருக்கறவங்களுக்குத் தட்டை நீட்டுவாங்க. எங்கம்மா கை என் மடிக்கு மேலதான் போகும். நின்னதே இல்லீங்க."

அப்புறம் உடனே, "உங்க மோட்டாருக்கு பேரிங்கும் போச்சுங்க, மாத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டார்.

சபையில் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு அம்மா கிருபாவின் தலையில் கைவைத்து, சரியாகிவிடும் என்று ஒவ்வொரு வாரமும் அழுது ஜெபிப்பார். என்ன சரியாக வேண்டும் என்று கிருபாவுக்கு விளங்கவில்லை. இன்னொருவர், கிருபாவின் தாயார் ஞானம்மா கல்யாணத்துக்கு முன் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று விசாரித்தாராம், அதனால் வந்த தண்டனையோ என்று. பாஸ்டர் ஆபிரகாமிடம் கேட்டால், "ஜெபிப்போம்" என்பார். நான் அங்கே சுவர் பூசிக்கொண்டே காதில் வாங்கியதில் ஒன்று புரிந்தது: அந்தச் சபையில் ஜெபிப்போம் என்றால் இப்போதைக்கு இல்லை என்று அர்த்தம்.

சபை நிர்வாகத்தில் மூப்பராக இருந்த எட்வின் மட்டும் உடைத்துப் பேசினார். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அரிசியும் மருந்தும் கொண்டுபோவது அவர்தான். தொட்டி ஓரத்தில் நின்று பாஸ்டரிடம் சொன்னார்:

"ஆணும் பொண்ணுமாத்தான் படைச்சாருன்னு இருக்குதுங்க. நடுவுல இன்னொண்ணு இருக்குதுன்னு சொல்ல நமக்கு என்னங்க அதிகாரம்? ஆபரேசன் பண்ணி, இன்னதுன்னு டாக்டரு எழுதிக் குடுக்கட்டும். மறுநாளே எறக்கிப்போடலாம். கிருபா மேல எனக்கு ஆசை இல்லாமயா சொல்றேன்?"

"நல்லா இருக்கற உடம்புல கத்தி வைக்கச் சொல்றதுங்களா?" என்றார் பாஸ்டர்.

"அப்ப எந்தப் படியில எறக்கறதுங்க? நீங்களே சொல்லுங்க."

பாஸ்டர் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். என்னங்க பாஸ்டர் என்று கேட்க எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

பல கூட்டங்களுக்குப் பிறகு எட்வினே ஒரு வழி சொன்னார். பின்பக்கமாக ஒரு சின்ன அறை, ஒரு சின்னப் படி. யார் கண்ணிலும் படாமல் கிருபா வரட்டும், முழுகட்டும், போகட்டும். அவர் அளவில் அது பெரிதாக இறங்கி வந்ததுதான். பாஸ்டரும் தலையாட்டினார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாவது படியைச் செதுக்கிக் கட்டினேன். இன்றைக்கும் சொல்வேன், வேலை என்று பார்த்தால் அந்தப் படிக்கு ஈடு கிடையாது. மூலைக்கு மூலை நூல் பிடித்த மாதிரி. தண்ணீர் நிரப்பி, விளிம்பில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கோடு இறங்காமல் நின்றதைப் பார்த்துவிட்டு, நானே போய் கிருபாவைக் கூட்டிவந்தேன்.

பின்கதவைத் திறந்துவிட்டேன். அந்தக் கதவு கழிவறைக்கும் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கும் நடுவில் இருந்தது. வேறு இடம் இல்லை. கிருபா படியைப் பார்த்தார். குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க அப்புச்சி. இந்தப் படி யாருக்குங்க?"

"உனக்குத்தான் கண்ணு. உனக்கே உனக்கு."

"எனக்கப்புறம்?"

நான் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தேன்.

"நான் ஒருத்தரு எறங்குவேன். அப்புறம் பூட்டிப்போடுவாங்க. அப்புறம் வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம், அது கிருபாவுக்குக் கட்டுனதுன்னு காட்டுவாங்க. நான் செத்தாலும் அந்தப் படி இருக்குமுங்க. நீங்க கட்டுனதாச்சே, இடியவா போகுது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

"ஆம்பளைன்னு ஒரு வார்த்தை சொன்னாக் கெழக்கால எறங்கிக்கலாம். பொம்பளைன்னு சொன்னா மேக்கால. சொல்றது ஒண்ணும் பெரிய காரியமில்லீங்க. ஆனா பொய்யையெல்லாம் தண்ணிக்குள்ள உட்டுட்டு எந்திரிக்கறதுதான் முழுக்குன்னு பாஸ்டரே சொல்லிக் குடுத்தாருங்க. ஒரு பொய்யைச் சொல்லிட்டு எப்படிங்க தண்ணிக்குள்ள எறங்கறது?"

திரும்பிப் பார்த்தால் பாஸ்டர் வெறுங்காலோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. கிருபா வணக்கம் சொல்லிவிட்டுப் பட்டறைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். பாஸ்டர் அந்த மூன்றாவது படியில் உட்கார்ந்தார். வேட்டி நனைந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

அங்கேயே உட்கார்ந்து எனக்கு ஒரு கதை சொன்னார். வேதத்தில் இருக்கிறதாம். தூரதேசத்து ராணி ஒருத்தியின் கஜானாவைப் பார்த்துக்கொண்ட பெரிய அதிகாரி. அந்தக் காலத்து அரண்மனை வழக்கப்படி ஆண்மை நீக்கப்பட்டவர். அதனால் சாமி கும்பிட அத்தனை தூரம் போயும், கூட்டத்தில் ஒருவராகச் சேர முடியாதவர். ரதத்தில் திரும்பும்போது, இயேசுவின் சீடர் ஒருவர் கூட ஏறி, வேதத்தை விளக்கிக்கொண்டு வந்தார். வழியில் தண்ணீர் தெரிந்தது. எனக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்ன தடை என்று அந்த அதிகாரி கேட்டார். சீடர் அவர் உடம்பைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்டு நிறுத்தவில்லை. ரதம் நின்றது, இருவரும் இறங்கினார்கள்.

"இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை பிரசங்கம் பண்ணியிருக்கறேனுங்க மேஸ்திரி" என்றார்.

எனக்குத் தொழில் புத்தி. "அங்க எத்தனை படிங்க இருந்துது?" என்று கேட்டேன்.

பாஸ்டர் என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தார். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"படியே இல்லீங்க. ரோட்டோரத்துத் தண்ணி. ரெண்டு பேரும் ஒரே பக்கமா எறங்குனாங்க."

"அப்ப உடைச்சுப்போடலாமுங்களா?"

இதைக் கேட்டது நான். பாஸ்டர் இல்லை, மூப்பர் இல்லை, மூன்று வருஷம் கழித்து வந்து ரீல் எடுத்துப் போட்ட எந்த இன்ஜினியரும் இல்லை. இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டி முடித்துத் தண்ணீர் நின்ற தொட்டியை உடைப்பது என்றால் என்னவென்று கட்டுமானக்காரனுக்குத்தான் தெரியும். பழைய கான்கிரீட்டோடு புதிய கான்கிரீட் லேசில் ஒட்டாது. ஒட்டிய மாதிரி நடிக்கும், தண்ணீர் ஏறியதும் அந்த இணைப்பில் கசியும். சென்னியப்பன் தொட்டி ஒரு சொட்டு ஒழுகாது என்பதுதான் என் மொத்தச் சொத்து. அதைப் பணயம் வைத்தேன். மூன்று படியையும் உளி வைத்து உடைத்தோம். மூன்றாவதை நானே உடைத்தேன், வேறு கை படவிடவில்லை. கம்பி தெரிகிற வரைக்கும் கொத்தி, தூசு போக இரும்புப் பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, பழசையும் புதுசையும் பிடிக்க வைக்கிற ஒட்டுப்பால் கலந்த சிமெண்ட் கூழைத் தடவி, அது காய்வதற்குள் புதுக் கலவையை இறக்க வேண்டும். சபையைப் பார்த்த பக்கத்தில், நாலு பேர் சேர்ந்து இறங்குகிற அகலத்துக்கு ஒரே படி. இரண்டு பக்கமும் கைப்பிடி. ஆண்கள் அறை, பெண்கள் அறை என்ற இரண்டையும் இடித்து, ஒவ்வொருவராகப் போய்த் தாழ் போட்டு உடை மாற்றுகிற சின்னச் சின்ன அறைகளாக ஒரே வரிசையில் கட்டினேன். எல்லாக் கதவும் ஒரே நிறம், எதிலும் எழுத்து இல்லை.

முதல் தடவை நிரப்பியபோது இணைப்பில் கசிந்தது. எட்வின் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா மேஸ்திரி? இருக்கறதை உடைச்சா இப்படித்தானுங்க. ஒட்டாது."

"ஒட்டலீன்னா மறுக்காக் கொத்தி ஒட்ட வைப்பேனுங்க. உங்க மில்லுல நூலு அறுந்தா தறியையே நிறுத்திப்போட்டீங்களா? முடிச்சுப் போட்டு ஓட்டலியா?"

அவருக்கு வந்த சிரிப்பை அவர் அடக்கியது எனக்குத் தெரிந்தது. தண்ணீரை இறைத்தேன். கிருபா காயில் கட்டிக் கொடுத்த மோட்டார்தான் இறைத்தது. மறுபடியும் கொத்தினேன், பூசினேன், சாக்கு போட்டு நனைத்தேன். மறுபடியும் நிரப்பினேன். எட்வின் தினமும் வந்து தொட்டியின் வெளிச்சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கசிய வேண்டும் என்று பார்த்தாரா, கசியக் கூடாது என்று பார்த்தாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். ஒரு காலை, தடவிய கையை என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"காஞ்சிருக்குதுங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை. முழுசாக மனம் மாறினாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தியது பாஸ்டரின் பிரசங்கமா, என் பூச்சா என்று கேட்டால், என் பூச்சு என்றுதான் சொல்வேன்.

ஞானஸ்நான ஆராதனை அன்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அங்கே சாமி கும்பிடுகிற நேரத்தில் நான் உள்ளே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பாஸ்டர் தொட்டிக்குள் இறங்கி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தாய் மாதிரி, முழங்கையை விட்டுத் தண்ணீரின் சூட்டைப் பார்த்தார். தறி ஓட்டுகிற ஒருவர் இறங்கினார். ஒரு கல்லூரிப் பெண் இறங்கினார். அடுத்தது கிருபா. அதே அங்கி, அதே படி. யாரும் கிழக்கே மேற்கே என்று சொல்லவில்லை. ஞானம்மா கடைசிப் படிவரை கூடவே வந்து, புடவை மிதக்க நின்றார்.

தண்ணீருக்குள் போகுமுன் கிருபா இரண்டு வார்த்தை சாட்சி சொன்னார். "நான் எப்படி இருக்கறேனோ அப்படியேதான் என்னைய உண்டாக்குனாருங்க. ஒண்ணையும் மறைக்காம அவருகிட்ட வாரேனுங்க." குரல் நடுங்கியது. கால் நடுங்கவில்லை. நான் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் படி பிடித்துக்கொண்டது.

பாஸ்டர் சாய்த்தார், முக்கினார், எடுத்தார். தண்ணீர் தெறித்து என் சட்டையிலும் விழுந்தது. துடைக்காமல் இருந்தேன்.

அன்றே திருவிருந்து. தலை துவட்டிய ஈரத்தோடு கிருபா அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். வரிசையின் தொடக்கத்தில் தட்டைக் கொடுத்தது எட்வின். தட்டு கைமாறி ஞானம்மாவிடம் வந்தது. அவர் ஒரு துண்டு எடுத்தார். பழக்கத்தில் கை அந்தப் பக்கம் நீளத் தொடங்கியது. கிருபாவின் மடிக்கு மேலே வந்ததும் நின்றது. கிருபா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், எடுக்கவில்லை.

"எடு கண்ணு" என்றார் அந்தத் தாய். "அம்மா கை வலிக்குது."

எனக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். உங்கள் சபை வாசலில் பளிங்குக் கல்லில் பேர்கள் பொறித்திருக்கிறீர்கள். அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், நன்கொடை கொடுத்தவர்கள், வரைபடம் போட்டவர். சென்னியப்பன் பேர் எங்கேயும் இல்லை. கோபம் இல்லை என்று சொன்னால் பொய். பொய்யோடு அந்தத் தொட்டியைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால் சொல்கிறேன், கோபம்தான். மலர் அச்சாவதோடு அந்தக் கல்லையும் திருத்துங்கள். ஆனால் கட்டியவர் என்று போட வேண்டாம். தொட்டி கட்ட ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 'உடைத்தவர்: சென்னியப்பன் மேஸ்திரி' என்று போடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், படியில் இறங்கப் போகிறவர்கள் வாசலில் நின்று படிக்கிற மாதிரி.